லண்டன் நெரிசல் கட்டணம்: வண்டிகள் குறைந்தும் தாமதம் ஏன் திரும்பி வந்தது?

2008ல் லண்டன் போக்குவரத்தை நிர்வகிக்கும் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' அமைப்பு, நகர மையத்துக்குள் வண்டி ஓட்டிவருபவர்களிடம் பணம் வசூலிக்கும் தன் நெரிசல் கட்டணத் திட்டம் பற்றி ஆறாவது ஆண்டறிக்கையை வெளியிட்டது. அதில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று: கட்டணம் வருவதற்கு முந்தைய 2002ம் ஆண்டோடு ஒப்பிட்டால், நகர மையத்துக்குள் நுழையும் நான்கு சக்கர வண்டிகள் 21 சதவீதம் குறைந்திருக்கின்றன. இன்னொன்று: அதே மையத்தில் நெரிசல் 2002ல் இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது.

முதல் முடிவை மட்டும் படித்தவர்களுக்குத் திட்டம் வெற்றி. இரண்டாவதை மட்டும் படித்தவர்களுக்குத் தோல்வி. இரண்டு முடிவுகளும் சரியானவை. இரண்டையும் தனித்தனியாக அளந்து, தங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே வெளியிட்டார்களே, அதனால்தான் இந்தத் திட்டத்தைப் பற்றி இன்றும் நம்மால் பொறுப்போடு பேச முடிகிறது. நகரப் போக்குவரத்துத் திட்டங்களை எப்படிக் கண்காணிப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து குறைவு. அதனால் கட்டணம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அளந்த வேலையைப் பார்க்கலாம்.

திட்டம்

1999ம் ஆண்டுச் சட்டம் லண்டனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரையும், சாலைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. முதல் மேயர் கென் லிவிங்ஸ்டன் 2001 ஜூலையில் நகரத்துக்கான போக்குவரத்துத் திட்டத்தை வெளியிட்டார். 2011க்குள் மைய லண்டனில் வார நாள் போக்குவரத்தை 15 சதவீதம் குறைப்பது, அதைச் சுற்றியுள்ள உள் லண்டனில் வளர்ச்சியே இல்லாமல் நிறுத்துவது, வெளி லண்டனில் வளர்ச்சியை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது என்று இலக்குகள் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தன. மையத்துக்கான முக்கியக் கருவி நெரிசல் கட்டணம்.

2003 பிப்ரவரி 17 அன்று அது தொடங்கியது. உள் வட்டச் சாலைக்குள் அடங்கிய சுமார் 21 சதுர கிலோமீட்டர் பகுதி. பெருநகர லண்டனின் பரப்பில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 மணியிலிருந்து மாலை 6.30 வரை உள்ளே ஓட்ட நாளுக்கு 5 பவுண்டு. பஸ், டாக்சி, மோட்டார் சைக்கிள்களுக்கு விலக்கு. உள்ளே குடியிருப்பவர்களுக்கு 90 சதவீதத் தள்ளுபடி. கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்துச் சரிபார்க்கும். முதல் நாளிலிருந்தே சுமார் 300 கூடுதல் பஸ்கள் ஓடின.

என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பகுதிக்குள் போக்குவரத்து 10 முதல் 15 சதவீதம் குறையும், நெரிசல் 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று கணித்திருந்தார்கள். கணிப்பை முதலிலேயே பொதுவில் வைத்துவிட்டால், பிறகு வந்த முடிவுக்கு ஏற்றபடி இலக்கை வளைக்க முடியாது. பல நகரங்கள் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகின்றன.

நெரிசலை எதில் அளப்பது?

ஐந்தாண்டுக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று கட்டணத்தோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. கட்டணம் தொடங்கும் முன்பே 2002ம் ஆண்டு முழுக்கத் தரவு சேகரித்தார்கள். எல்லையைத் தாண்டும் வண்டிகள், பகுதிக்குள் ஓடும் வண்டிகள், வட்டச் சாலையின் போக்குவரத்து, மையத்தை நோக்கி வரும் சாலைகளின் போக்குவரத்து என நான்கையும் வகை வாரியாகத் தனித்தனியே எண்ணினார்கள். இவற்றோடு பஸ், சுரங்க ரயில் பயணிகள், விபத்துகள், காற்றின் தரம், வணிகம், வீடுகளில் எடுத்த பேட்டிகள் எல்லாம் சேர்ந்தன. இந்த 2002 இல்லையென்றால் பிறகு எடுத்த எந்த எண்ணுக்கும் பொருள் இருந்திருக்காது.

இதில் நான் மிகவும் மதிப்பது நெரிசலுக்கு அவர்கள் கொடுத்த வரையறையை. நெரிசல் என்றால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று புரியும். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி புரியும். அவர்கள் செய்தது இதுதான். குறிப்பிட்ட வழித்தடங்களில் கணக்கெடுப்புக் கார்கள் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓடி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பதிவு செய்தன. சாலை காலியாக இருக்கும் இரவில் மைய லண்டனில் ஒரு கிலோமீட்டருக்கு 1.9 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வேகம். 2002ல் பகல் நேரத்தில் அதே கிலோமீட்டருக்கு 4.2 நிமிடம், வேகம் மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2.3 நிமிடம்தான் நெரிசல். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் வீணாகிறது என்று அர்த்தம்.

சராசரி வேகத்தை மட்டும் சொல்லியிருந்தால், மணிக்கு 14லிருந்து 17 கிலோமீட்டர் ஆனதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்டிருப்பார்கள். கூடுதல் தாமதம் என்று பார்த்தால் அதே மாற்றம் 2.3லிருந்து 1.6 நிமிடம், அதாவது 30 சதவீதக் குறைவு. 5 கிலோமீட்டர் பயணத்தில் மூன்றரை நிமிடம் மிச்சம். ஆனால் இந்த வரையறையில் ஒரு பலவீனமும் உண்டு. இரவு வேகத்தை மாறாத ஒன்றாக வைத்துக்கொள்கிறோம். சிக்னல் நேரம், வேகத்தடை, பாதசாரிக் கடவை எல்லாம் மாறினால் இரவிலும் வண்டிகள் மெதுவாகும். அப்போது அந்த மெதுவும் நெரிசல் கணக்கில் ஏறிவிடும். இது எவ்வளவு முக்கியம் என்று பின்னால்தான் தெரிந்தது.

முதல் ஆண்டு

கட்டணம் தொடங்கிய வாரம் பள்ளி அரைப்பருவ விடுமுறை வாரம். போக்குவரத்து இயல்பாகவே குறைவாக இருக்கும் நேரம். குழப்பத்தைத் தவிர்க்க அது நல்ல தேர்வுதான், ஆனால் அந்த வாரத்து எண்களை வைத்து யாரும் எதையும் சொல்லக்கூடாது. இலையுதிர் காலத்தை முந்தைய இலையுதிர் காலத்தோடும், வசந்த காலத்தை முந்தைய வசந்த காலத்தோடும் ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும்.

அப்படி ஒப்பிட்டபோது, கட்டண நேரத்தில் உள்ளே நுழைந்த நான்கு சக்கர வண்டிகள் 18 சதவீதம் குறைந்திருந்தன. கார்களை மட்டும் எடுத்தால் 33 சதவீதம். வேன்களும் லாரிகளும் சுமார் 11 சதவீதம் குறைந்தன. டாக்சி, பஸ், சைக்கிள் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிக் கூடின. வகை பிரிக்காமல் மொத்தத்தை மட்டும் எண்ணியிருந்தால் சாலையின் உள்ளடக்கமே மாறியிருப்பது தெரிந்திருக்காது.

அப்புறம், அந்தக் கார்கள் எங்கே போயின? ஒரு நாளைக்கு 65,000 முதல் 70,000 வரையிலான கார் பயணங்கள் உள்ளே வருவது நின்றது. அவற்றில் 50 முதல் 60 சதவீதம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறின. 20 முதல் 30 சதவீதம் மையத்தின் வழியாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தவை. அவை சுற்றிப் போக ஆரம்பித்தன. மீதி நடை, சைக்கிள், காரைப் பகிர்ந்துகொள்வது, நேரம் மாற்றிப் போவது என்று பிரிந்தன. வட்டச் சாலை அடைத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அங்கே போக்குவரத்து சிறிது கூடியது. சிக்னல்களை அதற்கேற்ப மாற்றி வைத்திருந்ததால் தாமதம் மோசமாகவில்லை. அதற்காகவே அங்கே தனியாக எண்ணியிருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

பஸ் கணக்கில் ஒரு நேர்மையான பிரிப்பு இருக்கிறது. காலை நெரிசல் நேரத்தில் பஸ்ஸில் மையத்துக்குள் வந்தவர்கள் 2002 இலையுதிர் காலத்தில் 77,000. அடுத்த ஆண்டு 106,000. இந்தப் பெரிய ஏற்றம் முழுவதையும் கட்டணத்தின் பேரில் எழுதிக்கொள்ளவில்லை. பஸ் சேவை அதற்கு முன்பிருந்தே மேம்பட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஏறக்குறைய பாதி மட்டுமே கட்டணத்தால் வந்தது என்று மதிப்பிட்டார்கள்.

சுரங்க ரயில் கணக்கு அப்படிச் சுலபமாகப் பிரியவில்லை. 2003 ஜனவரி 25 அன்று சான்சரி லேன் நிலையத்தில் ரயில் தடம் புரண்டது. சென்ட்ரல் தடம் முழுவதும் மூடப்பட்டு, ஏப்ரலில்தான் முழுமையாகத் திரும்பியது. அது மையத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் முக்கியமான தடம். கட்டணம் தொடங்கியது இதற்கு நடுவில். மார்ச்சில் ஈராக் போர் ஆரம்பித்தது. சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். கடைகளில் விற்பனை குறைந்தது கட்டணத்தாலா, ரயில் இல்லாததாலா, போராலா என்று அந்த ஆண்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. முன்பும் பின்பும் மட்டும் ஒப்பிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. நகரத்தின் மற்ற பகுதிகளில் அதே மாதங்களில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். இரண்டாண்டு கழித்து, 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இதே சிக்கல் வந்தது. மக்கள் சுரங்க ரயிலை விட்டு சைக்கிளுக்கும் நடைக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தைத் திட்டத்தின் விளைவோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தாமதம் திரும்பிய கதை

முதல் இரண்டு ஆண்டுகளில் நெரிசல் 30 சதவீதம் குறைவாகவே இருந்தது. 2005ல் அந்தக் குறைவு 22 சதவீதமாகச் சுருங்கியது. 2006ல் 8. 2007ல் பூஜ்யம்: கிலோமீட்டருக்கு 2.3 நிமிடம், 2002ல் இருந்த அதே எண். இத்தனைக்கும் நுழையும் வண்டிகள் கூடவில்லை. 2005 ஜூலையில் கட்டணம் 8 பவுண்டாக உயர்ந்திருந்தது.

வண்டி எண்ணிக்கை மட்டுமே கண்காணிக்கப்பட்டிருந்தால் 2007ல் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று அறிக்கை வந்திருக்கும். நெரிசல் மட்டுமே கண்காணிக்கப்பட்டிருந்தால் "மக்கள் கட்டணத்துக்குப் பழகிவிட்டார்கள், கார்கள் திரும்பிவிட்டன" என்று முடிவு கட்டியிருப்பார்கள், அதுவும் தவறாக. இரண்டும் பக்கத்தில் இருந்ததால் கேள்வி சரியான இடத்துக்குப் போனது: வண்டி குறைந்தும் தாமதம் கூடுகிறதென்றால், சாலையே குறைந்திருக்கிறதா?

ஆமாம், குறைந்திருந்தது. இரண்டு வகையில். ஒன்று, விக்டோரியா காலத்துத் தண்ணீர்க் குழாய்களை மாற்றும் பெரிய வேலை நகரம் முழுக்க நடந்தது. கேபிள், எரிவாயு வேலைகளும் சேர்ந்துகொண்டன. சாலைகள் மாறி மாறித் தோண்டப்பட்டன. இன்னொன்று, நகரமே யோசித்து எடுத்த முடிவு. பஸ் தடங்கள் ஒதுக்கப்பட்டன, பாதசாரிகள் கடக்கக் கூடுதல் பச்சை நேரம் கொடுக்கப்பட்டது. டிரஃபால்கர் சதுக்கத்தின் வடக்குப் பக்கச் சாலை 2003ல் மூடப்பட்டு நடப்பவர்களுக்கானது. கட்டணம் காலி செய்த இடத்தை இவையெல்லாம் எடுத்துக்கொண்டன.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். குழாய் வேலையால் வந்த தாமதம் இழப்பு. தோண்டுவதை ஒருங்கிணைத்தால் குறைக்கலாம். பாதசாரிக்குக் கொடுத்த பச்சை நேரத்தால் வந்த தாமதத்தை அப்படிச் சொல்ல மாட்டேன். காத்திருந்தவர் கடந்து போக முடிகிறது. அந்தப் பலன் எங்கேயும் எண்ணாக வரவில்லை, காரில் இருப்பவரின் கூடுதல் நொடிகள் மட்டும் கணக்கில் ஏறின. அளவுகோல் வண்டியைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. அறுபது பேர் இருக்கும் பஸ்ஸும் ஒருவர் இருக்கும் காரும் அதற்கு ஒன்றுதான். கண்காணிப்பில் நான் குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். வண்டிகளை எண்ணிய நுணுக்கத்தோடு சாலைத் திறனுக்கும், அதாவது சிக்னலின் பச்சை நேரம், திறந்திருக்கும் தடங்களின் நீளம், தோண்டப்பட்டிருக்கும் நாட்கள் ஆகியவற்றுக்கும், 2002லிருந்தே கணக்கு வைத்திருந்தால் இரண்டு காரணங்களின் பங்கையும் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

கட்டணம் இல்லாதிருந்தால் நெரிசல் இன்னும் மோசமாகியிருக்கும் என்று நிர்வாகம் வாதிட்டது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். லண்டனின் மற்ற பகுதிகளிலும் வேகம் அந்த ஆண்டுகளில் குறைந்துகொண்டேதான் வந்தது. அதே சாலை இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வண்டிகள் கூடுதலாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. ஆனாலும் அது நிரூபணம் அல்ல.

மேற்கே நீண்டதும் சுருங்கியதும்

2007 பிப்ரவரியில் கட்டணப் பகுதி கென்சிங்டன், செல்சி பக்கம் மேற்கே விரிந்தது. அங்கே நுழையும் போக்குவரத்து சுமார் 14 சதவீதம் குறைந்தது. அடுத்த மேயர் போரிஸ் ஜான்சன் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 டிசம்பர் இறுதியில் அந்த விரிவை நீக்கினார். ஒரு திட்டம் போடும்போது அளப்பவர்கள் உண்டு. எடுக்கும்போது அளப்பவர்கள் அரிது. இங்கே எடுத்த பிறகும் எண்ணினார்கள்: நுழையும் வண்டிகள் சுமார் 8 சதவீதம் கூடின. குறைந்த அளவுக்கு அப்படியே திரும்பிக் கூடிவிடும் என்று எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை.

எண்ணும் வகைகளில் இல்லாத வண்டி

2003ல் வகை பிரித்தபோது முன்பதிவு வாடகைக் கார்கள் பெரிய விஷயமில்லை. ஒரு நாளைக்கு சுமார் 4,000 அத்தகைய கார்கள்தான் உள்ளே வந்தன. கட்டண விலக்கும் பெற்றிருந்தன. 2012ல் ஊபர் லண்டனுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நாளுக்கு 18,000ஐத் தாண்டியது.

சாலையோரத்தில் நின்று எண்ணுபவருக்கு அந்தக் கார் மற்றக் காரைப் போலவேதான் தெரியும். அதை வேறுபடுத்திக் காட்டியது நம்பர் பிளேட் கேமராவும் வாடகைக் கார் உரிமப் பதிவேடும் சேர்ந்துதான். வசூலுக்காக வைத்த கேமரா, கண்காணிப்புக் கருவியாகவும் ஆனது இப்படி. அந்த எண்களை வைத்தே 2019 ஏப்ரல் 8 முதல் பெரும்பாலான வாடகைக் கார்களுக்கான விலக்கு நீக்கப்பட்டது. ஆனால் விலக்குக் கொடுத்த காரணமும் சூழலும் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகுதான் இது நடந்தது. தரவு இருப்பது ஒன்று, அதைப் பார்த்து உரிய காலத்தில் முடிவெடுப்பது வேறு.

சாலையிலிருந்து வீட்டுக்கு

வண்டிகளை எவ்வளவு எண்ணினாலும், மனிதர்கள் ஏன், எங்கே, எப்படிப் போகிறார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. அதற்கு வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். லண்டனில் பெரிய பயணக் கணக்கெடுப்பு முன்பு பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. 1991, 2001 என்று. 2005லிருந்து அதை ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வாக மாற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் சுமார் 8,000 வீடுகள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட நாளில் செய்த எல்லாப் பயணங்களையும் சொல்ல வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு படம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நகரத்தில் வசிப்பவர்களை மட்டுமே இது பிடிக்கும். வெளியூரிலிருந்து வருபவர்களும், சரக்கு வேன் ஓட்டுபவர்களும் இதில் இல்லை.

2018ல் மேயர் சாதிக் கான் வெளியிட்ட திட்டத்தின் தலையாய இலக்கு இந்த வகைத் தரவைத்தான் நம்பியிருக்கிறது: 2041க்குள் லண்டனின் பயணங்களில் 80 சதவீதம் நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து மூலமாக இருக்க வேண்டும். அடிப்படை ஆண்டான 2015ல் அது 63 சதவீதம். பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் அது 63ஐ ஒட்டியே நிற்கிறது. இந்த இலக்கின் பொறுப்பாளர்கள் உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி இது.

பங்கு என்பது விகிதம் என்பதையும் மறக்கக்கூடாது. லண்டன்வாசி ஒருவர் நாளொன்றுக்குச் செய்யும் பயணங்கள் 2010களில் கணிசமாகக் குறைந்தன. கடைக்குப் போகும் பயணம் வீட்டு வாசலுக்கு வரும் வேனாக மாறினால், அந்த ஆய்வில் ஒரு பயணம் காணாமல் போகிறது. சாலையில் ஒரு வேன் கூடுகிறது. விகிதம் எதையும் காட்டாது. அதனால்தான் அதே திட்டத்தில் மொத்தப் போக்குவரத்தை 10 முதல் 15 சதவீதம் குறைப்பது என்ற இன்னோர் இலக்கும் வைத்தார்கள். 2003ல் எண்ணிக்கையையும் தாமதத்தையும் பிரித்து அளந்த அதே எச்சரிக்கை உணர்வு இதிலும் தெரிகிறது.

பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டும் பயண அட்டைகளின் தரவும் உதவுகிறது, ஆனால் அதற்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டுமே அட்டையைத் தட்டுவார்கள். இறங்கும் இடத்தை, அடுத்த முறை எங்கே ஏறுகிறார் என்பதை வைத்து ஊகிக்கிறார்கள். சுரங்க ரயிலில் நுழைவும் வெளியேற்றமும் தெரியும், நடுவில் எந்தத் தடத்தில் மாறினார் என்பது தெரியாது. 2016ன் கடைசி வாரங்களில் 54 நிலையங்களில் கைபேசிகளின் வைஃபை தொடர்பை, ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றிச் சேகரித்துப் பார்த்தார்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போவது தெரிந்தது. அதுவரை இருந்த கணிப்பு மாதிரிகளால் அத்தனையையும் காட்ட முடிந்ததில்லை.

தொடர் அறுந்த இடம்

2008க்குப் பிறகு நெரிசல் கட்டணத்துக்கென்று தனி ஆண்டறிக்கை வரவில்லை. அது நகரம் முழுவதற்குமான பொதுப் பயண அறிக்கைக்குள் சேர்ந்துவிட்டது. வேகத்தை அளக்கும் முறையும் கணக்கெடுப்புக் கார்களிலிருந்து, ஜிபிஎஸ் பொருத்திய ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவுக்கு மாறியது. புதிய முறையில் சாலைகளும் நேரங்களும் எவ்வளவோ அதிகமாகக் கிடைக்கின்றன; ஆனால் 2002ன் 2.3 நிமிடத்தோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது. முறை மாறும்போது பழையதையும் புதியதையும் சில காலம் இணையாக ஓட்டி, இரண்டுக்கும் உள்ள உறவைப் பதிவு செய்து வைப்பது செலவுதான். அந்தச் செலவைத் தவிர்க்கும் நகரம் தன் பழைய ஆண்டுகளையே இழந்துவிடுகிறது.

இதற்கிடையில் இன்னொரு விலக்கு வளர்ந்தது. மின்சாரக் கார்களுக்கு முழுத் தள்ளுபடி இருந்தது. காற்றின் தரத்தைப் பார்த்தால் அது நல்ல முடிவு. ஆனால் மின்சாரக் காரும் சாலையில் அதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அத்தகைய கார்கள் பெருகப் பெருக, கட்டணம் கட்டாமல் நுழையும் வண்டிகளும் பெருகின. 2025 டிசம்பர் 25 முதல் அந்த முழுத் தள்ளுபடியை முடித்துவிட்டு, 2026 ஜனவரி 2 முதல் நாள் கட்டணத்தை 15 பவுண்டிலிருந்து 18 பவுண்டாக உயர்த்த முடிவு செய்தார்கள். மின்சாரக் கார்களுக்கு இனி பகுதித் தள்ளுபடி மட்டுமே.